தறியை ஜப்தி செய்ய முடியுமா?

(போளூரில் கூடிய நெசவாளர், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கடன் கொடுத்தவர் வழக்காடி டிக்ரி பெற்றுவிட்டார் என்ற செய்தி வந்தவுடன், அமீனா வாசலில் நிற்பதற்கு முன்பே தறியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும் குடும்பங்கள் உண்டு. எப்படியும் போகப்போகிற பொருள்தானே என்பது அவர்கள் எண்ணம். அது தவறான எண்ணம். தறி போனபின் கடனை அடைக்க வழி ஏது?

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 60ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. நிலம், வீடு, சரக்கு, ரொக்கம், வங்கியில் உள்ள பணம், பிறரிடமிருந்து வரவேண்டிய பாக்கி ஆகியவற்றை டிக்ரிதாரர் ஜப்தி செய்யலாம். ஆனால் கடனாளிக்கும் அவர் மனைவி மக்களுக்கும் தேவையான உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை இவற்றைத் தொடலாகாது. சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத அணியும், அதாவது நம் வழக்கில் திருமாங்கல்யமும், அப்படியே. கைத்தொழிலாளியின் கருவிகளுக்கும், விவசாயியின் உழவுக் கருவிகளுக்கும், அவர் பிழைப்புக்கு அவசியமென்று நீதிமன்றம் கருதும் மாடுகளுக்கும் விதைத் தானியத்துக்கும் அதே காப்பு உண்டு.

தன் கையால் நெய்பவருக்குத் தறியும் நாடாவும் விழுதும் கருவிகளே அல்லவா? பல தறிகள் வைத்து ஆளமர்த்தி நெய்விப்பவர் இதே காப்பைக் கேட்டால் நீதிமன்றம் எளிதில் இணங்குமென்று நான் சொல்லமாட்டேன். தறியில் ஏறியிருக்கும் பாவின் கதை வேறு. பட்டும் சரிகையும் கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ கொடுத்தவையானால், அவை நெசவாளியின் சொத்தே அல்ல. தவறி ஜப்தியானால், அவற்றுக்கு உரியவர் நீதிமன்றத்தில் உரிமை கோரி மீட்கலாம். ஆகையால் சங்கத்தின் பாஸ் புத்தகத்தையும் நூல் கணக்கையும் பத்திரமாக வைத்திருங்கள். மனைவியின் சீதன நகையும், அவர் கடன் பத்திரத்தில் கையொப்பமிடாதவரை, கணவன் கடனுக்குப் பொறுப்பாகாது.

விவசாயியும் தொழிலாளியும் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கும் இக்காப்பைக் கோரலாம். தேர்ந்த தொழிலாளரும் 'தொழிலாளி' என்ற சொல்லில் அடங்குவர் என்று சட்டமே விளக்குகிறது. ஆனால் அந்த வீட்டையே அடமானம் எழுதிக் கொடுத்திருந்தால் இக்காப்புத் துணை நிற்காது. நம் மக்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கைமாற்றுக் கடனுக்கும் அடமானக் கடனுக்கும் உள்ள வேற்றுமையை அறியாமல், கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்திடுகிறார்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கு அடமானம் பெற்ற வங்கி வழக்கே தொடராமல் அச்சொத்தைக் கைக்கொள்ள வழியுண்டு; விவசாய நிலத்துக்கு மட்டும் அச்சட்டம் பொருந்தாது.

ஜாமீன் கையெழுத்திட்ட மகன் மாதச் சம்பளக்காரராக இருக்கலாம். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்கு. 31,000 ரூபாய் சம்பளமானால், 10,000 ரூபாய்க்கு மேல் பிடிக்க இயலாது. ஒரே டிக்ரிக்காக 24 மாதங்கள் பிடித்தபின் அந்த டிக்ரிக்கு மேற்கொண்டு சம்பளத்தில் பிடித்தம் கிடையாது.

சிறைக்குப் போக நேருமோ என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்யவே கூடாது. ஆண்களானாலும், வெறும் இல்லாமைக்காகச் சிறையிடுவது முறையன்று. வசதியிருந்தும் வஞ்சனையாகக் கொடாதவரே அதற்குரியவர் என்று 1980இல் கொச்சி வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஜப்தி செய்ய வருபவர் நீதிமன்ற ஆணையுடன் வரும் அமீனாவாக இருக்க வேண்டும். அவரும் சூரியன் மறைந்தபின் விடியும்வரை வீட்டுக்குள் நுழையலாகாது. கடன்காரரின் ஆட்கள் தாமே வந்து பாத்திரத்தைத் தூக்குவது ஜப்தி அல்ல. அதற்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

"எந்தச் சலுகையும் கேட்கமாட்டேன்" என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளும் தந்திரமும் உண்டு. அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்று 1976இல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். எனினும், இது என் கருவி, இது நான் குடியிருக்கும் வீடு என்று நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியவர் கடனாளியே. சம்மன் வந்தால் வாங்காமல் ஒளிவதால் ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆகிறது. தக்க காரணம் இருந்தால், அதை நீக்கக் கோரி டிக்ரி தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் மனுச் செய்யலாம். சம்மன் முறைப்படி சேரவேயில்லை என்றால், டிக்ரியைப் பற்றி அறிந்த நாளிலிருந்து அந்த 30 நாட்கள் தொடங்கும். வக்கீலுக்குப் பணமில்லை என்போர் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு. ஏனையோரில் பலருக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். போகும்போது சம்மனையும், கடன் பத்திரத்தின் நகலையும், இதுவரை கட்டிய பணத்துக்கான ரசீதுகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.