மாடிக்கு ஏறும் ஏரியல்

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 107.8 மெகாஹெர்ட்சில் ஒலிக்கிறது ‘புதுவை வாணி’ சமுதாய வானொலி. வில்லியனூர் அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். பாகூரோ 25 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். சமுதாய வானொலிக்கு விதிப்படி பொதுவாக 100 வாட் கதிர்வீச்சுத் திறனும் 30 மீட்டர் ஏரியல் உயரமும்தான் உச்சவரம்பு. ஆகவே பாகூர் வீடுகளில் குரலைவிட இரைச்சல் முந்திக்கொண்டால் வியப்பில்லை.

உடனே பழி வானொலிப் பெட்டியின் மேல் விழுகிறது. சிலர் பூஸ்டர் வாங்குகிறார்கள். அது குரலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கைகொடுப்பது ஏரியலின் உயரம்தான்.

எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். 30 மீட்டர் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, மேசைமேல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் பெட்டிக்கு 27 கிலோமீட்டர் வரைதான் நேராக எட்டும். ஏரியலை 9 மீட்டருக்கு ஏற்றினால் அந்த எல்லை 35 கிலோமீட்டராகிறது. பாகூருக்கு அந்த எட்டு கிலோமீட்டர் பெரிய வித்தியாசம்.

வில்லியனூர் வட்டாரத்துக்கு இந்த வகை அலை பழக்கமானதுதான். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுக் கிராமங்களை வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) வானொலியால் இணைத்தது. வீராம்பட்டினம் மீனவர்கள் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். எஃப்.எம். ஒலிபரப்பும் அதே வி.எச்.எஃப். குடும்பம்தான்.

மாடியில் ஏற்ற வீட்டிலேயே செய்யக்கூடியது ‘டைபோல்’ என்னும் ஏரியல். அதன் ‘கைகளாக’, தலா 68 சென்டிமீட்டரில் இரண்டு செம்புக் கம்பிகள் வேண்டும். நடுவில் சிறு இடைவெளி விட்டு, இரண்டையும் ஒரே நேர்கோட்டில் பி.வி.சி. குழாயில் கட்ட வேண்டும். கேபிள் டிவி ஒயரின் உள்கம்பி ஒரு கையிலும், வெளிவலை மறு கையிலும் சேரும். கீழே உள்கம்பியைப் பெட்டியின் ஏரியல் கம்பியில் மாட்டி, எர்த் முனை இருந்தால் வெளிவலையை அதில் இணைக்கலாம். இந்த நீளம் 107.8-க்கும், ஆல் இந்தியா ரேடியோவின் ரெயின்போ 102.8-க்கும் பொருந்தும். கைகளைக் கிழக்கு மேற்காக நீட்டினால் வடக்கிலிருந்து வருவதை நன்றாக வாங்கும். தெளிவில்லையென்றால் ஏரியலைச் செங்குத்தாக நிறுத்திப் பார்க்க வேண்டும்.

வில்லியனூரில் ரெயின்போ மட்டும் கேட்பவருக்கு இத்தனையும் தேவைப்படாது. பெட்டியின் கம்பியை முழுதாக இழுத்து, சன்னலோரம் வைத்தாலே பெரும்பாலும் போதும். கைபேசியில் கேட்பவருக்கு இயர்போன் ஒயரே ஏரியல். அதைச் சுருட்டாமல் விட வேண்டும். பாகூர்ப் பக்கம் புதுவை வாணியைத் தேடுகிறவருக்கு மாடி ஏரியல் செலவுக்கு மேல் பலன் தரும். மின்கம்பிக்கு அருகில் மட்டும் அதை நிறுத்தக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருண்டு வரும்போதே, இடி தொடங்குமுன், ஒயரைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட வேண்டும்.