அயல்நாட்டார் குரல்

ஒரு நாட்டில் நிகழும் கொடுமையைப் பற்றிக் கேட்க மற்றொரு நாட்டிற்கு உரிமை ஏது என்று சிலர் வினவுவர். கிரேக்க வரலாற்றிலே இதற்கு விடை உண்டு.

மக்களாட்சியின் தொட்டில் எனப் போற்றப்பெறும் அந்நாட்டில், 1967 ஏப்ரல் 21ஆம் நாள், பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, இராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டன; ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றித் தீவுகளில் அடைக்கப்பட்டனர்.

அவ்வாண்டு செப்டம்பரில் டென்மார்க், நார்வே, ஸ்வீடன், நெதர்லாந்து ஆகிய நாடுகள் ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டன. துன்புற்றோர் அந்நாடுகளின் குடிமக்கள் அல்லர். எனினும், உடன்படிக்கையில் சேர்ந்த எந்நாடும் மற்றொன்றின் மீது முறையிடலாம் என்பது விதி. ஆணையத்தார் கிரேக்கத்திற்கே சென்று சாட்சிகளை விசாரித்தனர். அரசியல் கைதிகளை வதைப்பது அங்கு வழக்கமாகவே நடந்தது எனக் கண்டனர். தன் உறுப்புரிமை பறிபோகும் நிலை கண்ட அரசு, 1969 டிசம்பர் 12 அன்று ஐரோப்பிய மன்றத்தினின்று தானே விலகிற்று.

இதனால் ஆட்சி கவிழ்ந்ததோ எனில், இல்லை. 1973 நவம்பரில் ஏதென்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில், உங்களையொத்த மாணவர் கிளர்ந்தெழுந்தனர். டாங்கி கல்லூரி வாயிலைத் தகர்த்தது. சைப்ரஸ் தீவில் தலையிட்டுத் தோற்ற பின்னரே, 1974 ஜூலையில் அவ்வாட்சி வீழ்ந்தது.

விடுதலையை அயலார் ஈட்டித் தர இயலாது. ஆனால் சிறைப்பட்டோர் சொல்லுக்குச் செவிசாய்த்து, உண்மையை ஏட்டில் பொறிக்க அவர்களால் இயலும். 1975இல் வதைத்தோர் ஏதென்ஸில் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். மௌனம் கொடுங்கோலர்க்குத் துணை. அதனை மறுப்பதே அயலார் செய்யத்தக்க அறம்.