திராட்சைத் தோட்டத்து நீதி
டெலானோ வேலைநிறுத்தமும் கத்தோலிக்கத் திருச்சபையும்



இன்று நான் சொல்ல வந்தது ஒரே கருத்து. உழைப்பவரின் உரிமையைப் பறிக்க மிக எளிய வழி, அவரைவிட உரிமை குறைந்த இன்னொருவரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துவது. ஆகவே தொழிலாளருக்கு நீதி வேண்டும் என்பவர், புலம்பெயர்ந்து வந்தவருக்கும் அதே நீதியைக் கேட்டாக வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் போதனையில் இக்கருத்து முன்பே இருந்தது. அது எவ்வளவு உண்மை என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துத் திராட்சைத் தோட்டங்கள் காட்டிக்கொடுத்தன.

1. சட்டம் விட்டுவிட்டவர்கள்

சங்கம் சேரவும் முதலாளியோடு கூட்டாகப் பேரம் பேசவும் அமெரிக்கத் தொழிலாளருக்கு உரிமை தந்த தேசியச் சட்டம் 1935இல் வந்தது. அதில் வயல் வேலை செய்பவர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் சேர்க்கவில்லை. 1938இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வயல் தொழிலாளரை விட்டுவிட்டது. 1942 முதல் 1964 வரை, 'பிராசேரோ' திட்டத்தின்கீழ் மெக்சிகோவிலிருந்து பருவ வேலைக்கு ஆட்களை வரவழைத்தார்கள். அறுவடை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட வேண்டியவர், கூலி போதவில்லை என்று யாரிடம் முறையிடுவார்? அவருக்குக் கொடுத்த கூலியே உள்ளூர்க்காரரின் கூலிக்கும் அளவாகிப்போனது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு கருவியைச் சொன்னால் போதும். கீரைத் தோட்டங்களிலும் பீட்ரூட் வயல்களிலும் களை எடுக்கத் தந்த களைக்கொத்தின் பிடி இரண்டடிகூட இருக்காது. அதைப் பிடித்தவர் இடுப்பை வளைத்துக் குனிந்தபடியேதான் வரப்பின் கடைசிவரை நகர வேண்டும். நீளப்பிடி போட்டுக் கொடுக்கப் பெரிய செலவு இல்லை. ஆனால் குட்டைப்பிடி இருந்தால் யார் நிமிர்ந்து நிற்கிறார் என்பதை மேஸ்திரி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். முதுகெலும்பு தேய்ந்து, நடுவயதிலேயே வேலைக்கு ஆகாமல் போனவர்கள் ஏராளம். சட்ட உதவி வழக்கறிஞர்கள் போராடியதன் பலனாக 1975இல்தான் கலிபோர்னியா அந்தக் கருவிக்குத் தடை விதித்தது. மனித மாண்பு என்று மறையுரைகளில் கேட்கிறோமே, அதன் முதல் பாடம் இதுதான்: உழைக்கும் மனிதன் நிமிர்ந்து நிற்க முடிய வேண்டும்.

2. சுற்றுமடல் சேரிக்கு வந்த கதை

திருத்தந்தை 13ஆம் லியோ 1891 மே 15இல் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். வறுமையின் நெருக்கடியால் ஒருவர் அற்பக் கூலிக்குச் சம்மதித்துவிட்டார் என்பதற்காக அந்தக் கூலி நியாயமாகிவிடாது. தொழிலாளர் சங்கம் சேர்வது இயற்கை உரிமை. இவை அந்த மடலின் சாரம்.

அறுபது ஆண்டுகள் கழித்து, சான் ஹோசே நகரின் மெக்சிகோ மக்கள் குடியிருப்பில் பணியாற்றிய அருட்தந்தை டொனால்ட் மெக்டானல் அந்த மடலைக் கூலி வேலை செய்துவந்த ஓர் இளைஞர் கையில் கொடுத்தார். அந்த இளைஞர் சீசர் சாவேஸ். பொருளாதார மந்தத்தில் குடும்ப நிலத்தை இழந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ஊர் ஊராக அறுவடைக்குப் போனவர். மடலோடு காந்தியடிகளின் வரலாற்றையும் படித்தார். 1962இல் டொலோரஸ் உவெர்த்தாவோடு சேர்ந்து வயல் தொழிலாளருக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். அதுவரை பல பங்கு ஆலயங்களில் ஏழைகளுக்குத் துணியும் உணவும் கொடுத்துவந்தார்கள். அது நல்ல செயல்தான். மெக்டானல் கொடுத்ததோ, கேட்டுப் பெறும் உரிமை உனக்கு உண்டு என்ற தெளிவு. தர்மம் பெற்றவர் மறுநாளும் கையேந்த வேண்டியிருக்கும். உரிமையை அறிந்தவர் தன் பக்கத்தில் நிற்பவரையும் எழுப்பிவிடுவார்.

3. கோயில் மண்டபத்தில் ஒரு முடிவு

1965 செப்டம்பர் 8இல் கலிபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த தொழிலாளர்கள். லாரி இட்லியாங் அவர்களின் தலைவர். மணிக்கு 1.40 டாலர் கூலி கேட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் பிலிப்பினோக்கள் வேலையை நிறுத்தினால் மெக்சிகோக்காரரை இறக்குவார்கள்; மெக்சிகோக்காரர் நிறுத்தினால் பிலிப்பினோக்களை இறக்குவார்கள். இரண்டு ஏழைகளை மோதவிட்டு இருவர் கூலியையும் அடக்கிவைக்கும் தந்திரம் இது. இட்லியாங் சாவேஸிடம் போய், எங்களோடு சேருங்கள் என்று கேட்டார். செப்டம்பர் 16 அன்று குவாதலூப்பே அன்னை ஆலய மண்டபத்தில் கூடிய மெக்சிகோத் தொழிலாளர்கள் சேர்வதென்று முடிவெடுத்தார்கள். எனக்கு இந்த வரலாற்றின் உச்சம் அந்த இரவுதான். மறு ஆண்டில் பிலிப்பினோக்களின் சங்கமும் சாவேஸின் சங்கமும் ஒன்றாயின.

1966 தவக்காலத்தில் அன்னையின் கொடியைத் தாங்கி டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு நடந்தார்கள். உயிர்ப்புப் பெருவிழா அன்று போய்ச் சேர்ந்தார்கள். போராட்டத்தில் வன்முறை தலைகாட்டத் தொடங்கியபோது, 1968இல் சாவேஸ் 25 நாள் உண்ணாநோன்பு இருந்தார். சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1918 மார்ச்சில், அகமதாபாத் ஆலைத் தொழிலாளருக்காகக் காந்தியடிகள் நோன்பிருந்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

4. ஆயர்கள் மேசைக்கு வந்தபோது

தோட்ட முதலாளிகளில் பலரும் கத்தோலிக்கர்களே. குரோவேஷியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் குடியேறிய குடும்பங்கள் அவர்களுடையவை. ஒரே ஆலயத்தில் முதலாளியும் கூலியாளும் மண்டியிட்டார்கள். அதனால் பல பங்குக் குருக்கள் வாய்திறக்கத் தயங்கினார்கள். புராட்டஸ்டன்ட் சபைகளின் ஊழியர்கள் முந்திக்கொண்டு களத்தில் நின்றார்கள். அமெரிக்க ஆயர்கள் பண்ணைத் தொழிலாளர் பிரச்சினைக்கென்று குழு அமைத்தது 1969இல். நான்கு ஆண்டுத் தாமதம் அது, மறைக்க வேண்டியதில்லை.

வந்த பிறகு உருப்படியான வேலை செய்தார்கள். ஆயர் ஜோசப் டொனெல்லி குழுத் தலைவர்; மோன்சிஞ்ஞோர் ஜார்ஜ் ஹிக்கின்ஸ் ஆலோசகர்; பின்னாளில் கர்தினாலான ரோஜர் மஹோனி செயலாளர். இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். பேச்சில் நடுநிலை காத்தார்கள். ஆனால் சங்கம் சேரும் உரிமை பேரத்துக்கு உரியதல்ல என்பதில் உறுதியாக இருந்தார்கள். நாடு முழுவதும் மக்கள் திராட்சையைப் புறக்கணித்ததும் முதலாளிகளைப் பணியவைத்தது. 1970 ஜூலை 29இல் டெலானோ முதலாளிகள் கையெழுத்திட்டார்கள். கூலி மணிக்கு 1.80 டாலர், பெட்டிக்கு 20 சென்ட் கூடுதல், மருத்துவ நிதி, பூச்சிமருந்துக்குக் கட்டுப்பாடு. வயலில் கழிப்பறையும் குடிநீரும் சங்கத்தின் ஒப்பந்தத்தால் வந்தன. ஒரே குவளையை வரிசையாகக் கைமாற்றிக் குடித்தவர்களுக்கு இது சின்ன விஷயமா?

ஒப்பந்தக் காலம் முடிந்த 1973இல் போராட்டம் மீண்டும் மூண்டது. மறியலுக்கு நீதிமன்றம் தடை போட்டது. கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தை 1933இல் தொடங்கிய டோரதி டே, 75 வயதில், வைக்கோல் தொப்பியோடு மறியலில் உட்கார்ந்து, அருட்சகோதரிகளோடும் குருக்களோடும் சிறை சென்றார். அந்த ஆகஸ்டில் போராட்டக்காரர் இருவர் உயிர் துறந்தார்கள். ஒருவர் ஏமனிலிருந்து வந்த 24 வயது முஸ்லிம் இளைஞர் நாகி தைஃபல்லா. மற்றவர் மெக்சிகோவிலிருந்து வந்த 60 வயது ஹுவான் டெ லா குரூஸ். எந்த மதம், எந்த நாடு என்று பாராமல் தோட்டமே அவர்களுக்காக அழுதது.

5. வேலிக்கு வெளியே நின்றவர்

இத்தனை உயர்ந்த போராட்டத்திலும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. ஆவணமின்றி எல்லை கடந்து வந்தவர்களை முதலாளிகள் மறியலை உடைக்கப் பயன்படுத்தினார்கள். 1974இல் சங்கம் அவர்களைக் குடியேற்றத் துறைக்குக் காட்டிக்கொடுக்கும் இயக்கமே நடத்தியது. சங்கத்தின் கோபம் எனக்குப் புரிகிறது; செய்ததை ஏற்க முடியவில்லை. வந்தவரைத் துரத்தினால் அவர் இன்னும் பயந்தவராகத் திரும்பி வருவார். பயந்தவரையே முதலாளி விரும்புவார். பின்னாளில் சங்கமும் ஆவணமற்றோருக்குச் சட்டத் தகுதி கேட்கும் நிலைக்கு வந்தது.

2003இல் அமெரிக்க ஆயர்களும் மெக்சிகோ ஆயர்களும் சேர்ந்து ஒரு மடல் எழுதினார்கள். எல்லையைக் காக்க அரசுக்கு உரிமை உண்டு. பிழைப்புக்காக இடம்பெயரும் உரிமை மனிதருக்கும் உண்டு. ஆவணம் இல்லாவிட்டாலும் மாண்பு இல்லாமல் போவதில்லை என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள். 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமைக்கு வெளியே முதல் பயணமாகக் கடலில் மாண்ட அகதிகளை நினைத்து லாம்பதூசா தீவுக்குப் போனதும், 2025இல் பொறுப்பேற்ற திருத்தந்தை, 'ரேரும் நோவாரும்' எழுதிய 13ஆம் லியோவை மனதில் கொண்டே 14ஆம் லியோ என்று பெயர் தரித்ததும் இதே வழியில் வந்தவை.

நம் கட்டடங்களில் வெளிமாநிலத்தார் செங்கல் சுமக்கிறார்கள். நம் பிள்ளைகள் வளைகுடாவில் சுமக்கிறார்கள். ஆகவே மாணவர்களே, தொழிலாளருக்காகப் பேசும் எந்த அமைப்பையும், சமயம் சார்ந்ததோ சாராததோ, மூன்று கேள்விகளால் எடைபோடுங்கள். நிவாரணத்தோடு நிறுத்திக்கொள்கிறதா, உரிமையையும் கேட்கிறதா? கண்டன அறிக்கையோடு போய்விடுகிறதா, ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை உடன் இருக்கிறதா? நேற்று வந்து சேர்ந்தவரையும் தன் கணக்கில் சேர்க்கிறதா? மூன்றில் கடினமானது கடைசிக் கேள்விதான். அதைக் கைவிட்டால் முதல் இரண்டில் பெற்றதும் கைநழுவிப் போகும். கடைசியாக வந்தவரின் கூலியைக் காப்பாற்றுங்கள். எல்லோர் கூலியும் காப்பாற்றப்படும்.