கொழுந்துக் கூடையும் வன்னி மண்ணும்



வன்னியின் புளியங்குளம் சந்தியில் கிழக்கே திரும்பும் பாதை நெடுங்கேணிக்குப் போகிறது. அதற்கும் அப்பால் கென்ட் பண்ணை, டொலர் பண்ணை என இரண்டு பண்ணைகள் இருந்தன. 1977 இனக்கலவரத்தில் அடித்து விரட்டப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைக் காந்தீயம் அமைப்பு அங்கே குடியேற்றியது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் அதன் தூண்கள். இராஜசுந்தரம் 1983 யூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அடுத்த வருடம் அந்தக் குடும்பங்கள் பண்ணைகளிலிருந்தும் துரத்தப்பட்டன.

துரத்தியது அரசு. அதைச் சொல்ல இங்கே எவருக்கும் தயக்கமில்லை. ஆனால் அதே மக்கள் தமிழர் வாயாலேயே "தோட்டக்காட்டார்" என்ற ஏச்சையும் கேட்டார்கள். காடு வெட்டவும் களை பிடுங்கவும் அவர்கள் வேண்டும். பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது மட்டும் பூர்வீகம் விசாரிக்கப்படும். ஒடுக்கப்பட்ட இனத்துக்குள்ளேயே இருந்த இந்த இளக்காரத்தை மேடைகள் அதிகம் பேசவில்லை.

கதைகள் பேசின.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையில் ஒரு பெண் வழக்கத்தைவிட அதிகமாகத் தேயிலைக் கொழுந்து பறித்துவிடுகிறாள். அவள் கையை எவரும் நம்பவில்லை. தன் உழைப்பைத் தானே நிரூபித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. வாசிக்கிறவர் அவள் பக்கம் நின்று கொதிக்கிறார். கொதிப்பு அடங்கும்போதுதான், தன் வயலில் கூலிக்கு நின்ற பெண்ணின் கணக்கைத் தானும் அப்படியே சந்தேகித்தது அவருக்கு உறைக்கிறது. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' இன்னும் கடுமையானது. வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே லயக் காம்பராவுக்குள் நெருக்கியடித்துப் படுக்கும் குடும்பத்தின் அவமானம் அது. "ஒழுக்கமில்லாத சனம்" என்று வாய்கூசாமல் சொல்லிப் பழகியவரை அந்தக் கதை அதே காம்பராவுக்குள் இருத்தி வைக்கிறது. குற்றம் மனிதரிலா, அவர்களை அடைத்து வைத்த சுவரிலா என்று கேட்காமல் அதைத் தாண்ட முடியாது.

அமெரிக்க உளவியலாளர் டான் ஜோன்சனும் சகாக்களும் கதை வாசிப்பு மனச்சாய்வைக் குறைக்கிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு முஸ்லிம் பெண்ணைப் பற்றிய நாவலின் பகுதியைச் சிலருக்கும், அதன் சுருக்கத்தை வேறு சிலருக்கும் வாசிக்கக் கொடுத்தார்கள். அந்தப் பகுதியை முழுதாக வாசித்தவர்களிடமே இனம் சார்ந்த சாய்வு கூடுதலாகக் குறைந்திருந்தது. அவளுடைய பேச்சும் மனக்குரலும் கழிந்துபோன சுருக்கம் அந்த வேலையைச் செய்யவில்லை. பரீட்சைக்காகக் கதைச் சுருக்கம் மனனம் செய்யும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

கதை காணிப் பத்திரம் தராது, உண்மைதான். வன்னியில் குடியேறிய மலையகத் தமிழர் பலருக்குப் பத்திரம் இன்னும் எட்டாத பொருள். ஆனால் யாருக்குக் காணி, யாருக்கு வீடு என்று ஊர்க் கூட்டங்களில் பேசுகிறவர்கள் வாசகர்களாகவும் இருக்க முடியும். அங்கே ஒரு குடும்பத்தின் பெயர் வரும்போது முகம் சுளிப்பதா, எழுந்து பேசுவதா என்பது மனதுக்குள் முதலில் முடிவாகிறது.

ஆகவே அந்த இரண்டு கதைகளையும் தேடி, முழுதாக வாசியுங்கள். வாசித்த பிறகு, மலையக வேர்கொண்ட அயலவர் ஒருவரை அடுத்த கூட்டத்தில் இந்த மேடையில் பேச அழையுங்கள்.