ஊர் ஊராகப் போகும் வேலை

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உங்கள் பையனுக்கு எந்த ஊரில் வேலை?" என்று நம் வளாகத்தில் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஹைதராபாத், கோவா, விசாகப்பட்டினம் என்று மாதத்துக்கு மூன்று ஊர் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் ஆய்வகக் கருவிகளைப் பழுது பார்க்கும் சர்வீஸ் இன்ஜினியர். இந்த வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா என்று இரண்டு வீடுகளில் கேட்டார்கள். நான் காமர்ஸ் படித்தவன். அவன் சொல்லிக் கேட்டதையும் வீட்டில் பார்த்ததையும் சொல்கிறேன்.

நீங்கள் போடும் பிரஷர் மாத்திரையில் மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க எச்.பி.எல்.சி. என்ற கருவி உண்டு. அது நின்றால் பரிசோதனை நிற்கும். பரிசோதனை முடியாத சரக்கு தொழிற்சாலையை விட்டு வெளியே போகக் கூடாது. அதனால்தான் போன் வந்ததும் இரவோடு இரவாகக் கிளம்புகிறான். பம்ப்பில் காற்றுக்குமிழி இருக்கும், இல்லையென்றால் சீல் தேய்ந்திருக்கும். பாகத்தை மாற்றச் சிறிது நேரம் போதும். கருவி சரியாக அளக்கிறது என்று சோதித்து, எழுதிக் கையெழுத்திடத்தான் நாள் பிடிக்கும்.

எலக்ட்ரானிக் தராசு இன்னொரு ரகம். சென்னையில் சரிசெய்த தராசை அப்படியே ஊட்டியில் வைத்தால், 200 கிராம் எடைக்கல்லை 0.1 கிராம் அளவுக்குக் குறைத்துக் காட்டும். மலைமேல் புவியீர்ப்பு சற்றுக் குறைவு. ஆய்வகத் தராசோ 0.0001 கிராம் வரை காட்ட வேண்டியது. ஆகவே வைத்த இடத்திலேயே சரிபார்க்க வேண்டும். வங்கியில் ஒரு ரூபாய் இடித்தாலும் நாங்கள் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. இவர்கள் பாடும் அதேதான்.

கஷ்டமும் உண்டு. பேத்தியின் முதல் பிறந்தநாளை அவன் வீடியோ காலில்தான் பார்த்தான். மாதத்தில் பாதி நாள் மருமகள்தான் எல்லாம் சமாளிக்கிறாள். பெண் பார்க்கும்போதே இதை நாங்கள் மறைக்காமல் சொல்லிவிட்டோம்.

வேலையில் சேருமுன் நான்கு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். பயணத்துக்கு முன்பணம் உண்டா? பில் கொடுத்தால் எத்தனை நாளில் பணம் வரும்? ஞாயிறு வேலைக்கு மாற்று விடுமுறை உண்டா? விபத்துக் காப்பீடு எவ்வளவு? முதல் கம்பெனியில் அவனுக்கு மூன்று மாதம் பில் பணம் வரவில்லை. கிரெடிட் கார்டு வட்டி சம்பளத்தைத் தின்றது.

பதில் திருப்தியாக இருந்து, பிள்ளைக்கும் விருப்பம் இருந்தால், தாராளமாக அனுப்புங்கள். பி.எஸ்சி. வேதியியல், இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்களுக்கு ஏற்ற வேலை. மேலும் கேட்க விரும்புவோர் மாலை நடையில் என்னைப் பிடிக்கலாம்.