ஒரு மாத்திரையும் இரு நோக்கங்களும்

நான் மருத்துவன் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்று, பல்லாண்டுகள் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நுட்பமான செய்திகளை மாணவருக்கு விளங்கும்படி எடுத்துரைப்பதே என் தொழிலாக இருந்தது. அந்தப் பழக்கத்தின் துணைகொண்டு, குளோமிபீன் என்னும் மருந்தைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

1956-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் மெரல் மருந்து நிறுவனத்தில், பிராங்க் பலோப்போலி என்ற வேதியியலாரும் அவர் குழுவினரும் இதனை ஆக்கினர். கருமுட்டை வெளிப்படாத பெண்களுக்கு இது பயன்படுவதை 1961-இல் ராபர்ட் கிரீன்பிளாட் என்ற மருத்துவரும் அவர் துணைவரும் அறிவித்தனர். 1967-இல் அந்நாட்டில் இதன் விற்பனைக்கு இசைவு கிடைத்தது.

இது வேலை செய்யும் விதத்தை ஓர் உவமையால் விளக்குகிறேன். ஒரு பள்ளி விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் சோறு நிறைந்ததும், 'போதும்' என்று சொல்ல ஒரு பையன் சமையலறைக்கு ஓடுவான்; பரிமாறுவது நிற்கும். நம் மூளை அந்தச் சமையலறை. சினைப்பை அந்தப் பந்தி. சினைப்பையிலிருந்து சென்று 'போதும்' என்று உரைக்கும் தூதுவன் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். குளோமிபீன் என்ன செய்கிறது? மூளையில் அத்தூதுவன் அமரவேண்டிய மணையில் தான் முந்தி அமர்ந்துகொள்கிறது. ஆனால் வாய் திறப்பதில்லை. செய்தி வராமையால், மூளை பிட்யூட்டரிச் சுரப்பி வழியாக மேலும் மேலும் தூண்டுநீர்களை அனுப்புகிறது. சினைப்பை விழிக்கிறது; கருமுட்டை முதிர்ந்து வெளிப்படுகிறது.

வழக்கமாக, நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் ஐந்து நாட்கள் கொடுத்து மருத்துவர்கள் தொடங்குவார்கள். இரட்டைப் பிள்ளைகள் பிறப்பது இம்மருந்தால் மிகுதிப்படுகிறது. நூறு கருப்பேற்றில் ஏறத்தாழ ஏழு இரட்டையாகலாம். சினைப்பை வீங்குவதும் உண்டு. பார்வை மங்கினாலோ கண்முன் ஒளி மின்னினாலோ உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். மேலும், சினைப்பை நீர்க்கட்டி நோயுள்ள 750 பெண்களிடம் நடத்தி 2014-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், லெட்ரோசோல் என்ற வேறொரு மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 27.5 பேரும், குளோமிபீன் உண்டவர்களில் 19.1 பேரும் குழந்தை பெற்றனர். எது தக்கதென்று முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு.

குறை கணவரிடமும் இருக்கலாம் என்பதை மறவாதீர்கள். இருவரும் சோதனை செய்துகொள்ளாமல், மனைவி ஒருத்தியை மட்டும் 'மலடி' என்று பழிப்பது அறியாமை மட்டுமன்று, கொடுமையும் ஆகும்.

இனி விளையாட்டுத் துறைக்கு வருவோம். ஆணின் மூளையும் இதே 'போதும்' என்னும் செய்திக்குச் செவிசாய்ப்பதே. செய்தி தடைப்பட்டால் டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண் ஹார்மோன் பெருகும். தசை பெருக்க ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்பவருக்கு இயற்கைச் சுரப்பு அடங்கிவிடுகிறது; அதை மீண்டும் எழுப்ப இம்மாத்திரையை நாடுகிறார்கள். மகப்பேற்றில் மூளையை ஏமாற்றுவது ஓர் உயிர் பிறப்பதற்காக. இங்கே முன்செய்த ஓர் ஏமாற்றை மறைப்பதற்காக. மருந்து ஒன்றே, நோக்கம் வேறு.

ஆகவே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, போட்டிக் காலத்திலும் மற்றக் காலத்திலும் இதனைத் தடை செய்துள்ளது. மெய்யாகவே மகப்பேற்றுக்கு இது வேண்டிய வீராங்கனை, மருத்துவச் சான்றுகளுடன் சிறப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

'அறியாமல் உண்டேன்' என்பது விடுதலை தராது. 2016-இல் ஜான் ஜோன்ஸ் என்ற அமெரிக்கக் குத்துச்சண்டைக் கலப்புப் போட்டி வீரரின் சோதனையில் இம்மருந்தும் லெட்ரோசோலின் சுவடும் தென்பட்டன. வேறொரு மாத்திரையென்று நம்பி அவர் உண்டதில் இவை கலந்திருந்தன. அவர் வேண்டுமென்று ஏமாற்றவில்லை என்று நடுவர்களே கண்டனர். ஆயினும் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. உண்பது இன்னதென்று அறிவது வீரனின் கடமையென்பதே விதி.

உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே: நண்பன் கொடுத்தான், பயிற்சிக்கூடத்தில் விற்றார்கள் என்று பிள்ளைகள் எந்த மாத்திரையையும் வாயிலிட விடாதீர்கள். அதன் பெயரைக் கேளுங்கள், எதற்கென்று கேளுங்கள், மருத்துவரின் சீட்டு எங்கே என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லக் கூசாத கையில் மட்டுமே மருந்து மருந்தாக இருக்கும்.