பசிக்குக் கணக்கு வேண்டும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கேட்பதற்குச் சற்று வறண்டதாகத் தோன்றலாம். பஞ்சத்திலும் யுத்தத்திலும் சிக்கிக்கொண்ட ஜனங்களுடைய குழந்தைகளின் போஷாக்குக் குறைவை எப்படி அளப்பது, அளந்த கணக்கை எப்படி யோக்கியமாய் வைத்துக்கொள்வது என்பதுதான் அது. "பட்டினி கிடக்கிறவனுக்குக் கஞ்சி ஊற்றுவதை விட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்தையும் அளவு நாடாவையும் தூக்கிக்கொண்டு அலைவதா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயந்தான். ஆனால் கணக்கில்லாத இடத்தில் கஞ்சி யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதைச் சற்று யோசிக்க வேண்டுகிறோம். அண்டா இறக்கிய இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கும், முண்டியடிக்கப் பலமுள்ளவனுக்கும், அதிகாரிக்கு வேண்டியவனுக்குமே போய்ச் சேருகிறது. எழுந்து வரச் சக்தியில்லாத குழந்தை குடிசைக்குள்ளேயே கிடந்து சாகிறது. அது செத்தது பக்கத்துக் குடிசைக்காரனைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரிவதில்லை.

கடைக்காரன் இரவில் கல்லாவை எண்ணாமல் கடையைச் சாத்துவதில்லை. கோவில் நகைகளுக்கு ஜாபிதா இருக்கிறது. பட்டியில் அடைத்த மாட்டுக்குக்கூடக் கணக்கு இருக்கிறது. பஞ்சத்தில் மெலிந்து சாகும் குழந்தைக்கு மாத்திரம் "தலைவிதி" என்ற ஒரே வார்த்தையோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். விதியை எவனும் அளக்க முடியாது. ஆதலால்தான் பொறுப்பைத் தட்டிக் கழிப்பவர்களுக்கு அது மிகவும் சவுகரியமாயிருக்கிறது. மெலிவையோ அளக்க முடியும். அளந்துவிட்டால் யாராவது ஒருவன் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எப்படி அளப்பது? இது மந்திரமுமல்ல, பெரிய படிப்பு படித்தவர்களுக்கு மாத்திரமே உரிய வித்தையுமல்ல. 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தையின் இடது மேற்கையில், தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடு மத்தியில் ஒரு நாடாவைச் சுற்ற வேண்டும். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அக்குழந்தை உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கிறது. 11.5-க்கு மேல் 12.5-க்குக் கீழே இருந்தால் நடுத்தர மெலிவு. நாடாவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வர்ணமே போட்டிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூடத் தன் குழந்தையைத் தானே அளந்து தெரிந்துகொள்ளலாம். பிறகு இரண்டு பாதங்களையும் கட்டை விரலால் மூன்று விநாடி அழுத்திப் பார்க்க வேண்டும். எடுத்த பிறகும் இரண்டு காலிலும் குழி நின்றால் அது சத்துக்குறைவினால் வந்த வீக்கம். அந்தக் குழந்தை பார்வைக்குக் கொழுகொழுவென்றிருந்தாலும் கடும் நோயாளி என்றே எழுத வேண்டும்.

மூன்றாவது, உயரத்துக்குத் தகுந்த எடை இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்கான அளவை உலக சுகாதார ஸ்தாபனம் 2006-ல் வெளியிட்டது. பிரேஸில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு தேசங்களில், நல்ல உணவும் நல்ல பராமரிப்பும் கிடைத்த குழந்தைகளை அளந்து பார்த்து அதை ஏற்படுத்தினார்கள். என்ன கண்டார்கள் தெரியுமா? வேண்டியது கிடைத்தால் கறுப்புக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரியாகத்தான் வளருகின்றன என்று கண்டார்கள். ஆகவே "அந்த ஜாதிப் பிள்ளைகள் எப்போதும் நோஞ்சான்தான்", "அந்த நாட்டார் உடம்புவாகு அப்படி" என்று இனி ஒருவன் சொன்னால், அது அறியாமை அல்லது அயோக்கியத்தனம் என்றுதான் சொல்லவேண்டும்.

சரி, லட்சக்கணக்கான ஜனங்கள் இருக்கிற பிரதேசத்தில் எல்லாக் குழந்தையையும் அளக்க முடியுமா? முடியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் அந்தச் சோற்றைப் பானையின் எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "தாய்மார்களே, பிள்ளைகளை ஆலமரத்தடிக்குக் கொண்டுவாருங்கள்" என்று தமுக்கடித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் வருவார்கள். தூரத்துக் குடிசைக்காரர்கள் வரமாட்டார்கள். அதனால்தான் 'ஸ்மார்ட்' என்ற பெயரில் வழங்கும் கணக்கெடுப்பு முறையில், ஜனத்தொகைக்குத் தக்கபடி ஊர்களைக் குலுக்கலில் எடுத்து, ஊருக்குள் வீடுகளையும் குலுக்கலில் எடுக்கிறார்கள். வந்த சீட்டுப்படி அந்த வீட்டுக்கே போகவேண்டும். வீடு பூட்டியிருந்தால் மறுபடியும் போகவேண்டுமே தவிர, அடுத்த வீட்டை அளந்துகொண்டு வந்துவிடக் கூடாது.

அளக்கிறவர்களையும் அளந்து பார்க்கவேண்டும். வேலை தொடங்குமுன் ஒவ்வொருவரும் பத்துக் குழந்தைகளை இரண்டு தரம் அளக்க வேண்டும். இரண்டு தரமும் ஒத்து வராதவனைக் கணக்கெடுக்க அனுப்பக் கூடாது. வெயிலில் அலுத்துப்போனவன் 78.3 என்று எழுத வேண்டியதை 78 என்றும், 81.6 என்பதை 81.5 என்றும் எழுதிவிடுவான். நோட்டுப் புத்தகம் முழுவதும் பூச்சியமும் ஐந்துமாகவே முடிந்திருந்தால் அவன் பலகையைப் பார்க்கவில்லை, உத்தேசமாய் எழுதினான் என்று தெரிந்துகொள்ளலாம். இதைக் கண்டுபிடிக்க இப்போது கம்ப்யூட்டர் கணக்கே இருக்கிறது. அன்றன்று மாலையே பார்த்துவிட்டால் மறுநாள் திருத்தலாம். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் பணமும் போச்சு, காலமும் போச்சு.

இனி, முகாமில் சிகிச்சைக்குச் சேர்த்த குழந்தைகளின் பதிவுப் புத்தகத்தைக் கவனிப்போம். சேர்ந்தவர்கள் எத்தனை, குணமானவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை, பாதியில் நின்றுவிட்டவர்கள் எத்தனை என்று அதில் எழுதவேண்டும். குணமானவர்கள் 100-க்கு 75-க்கு மேலும், இறந்தவர்கள் 10-க்குக் கீழும், நின்றுவிட்டவர்கள் 15-க்குக் கீழும் இருக்கவேண்டும் என்பது நிவாரண ஸ்தாபனங்கள் தங்களுக்கு வகுத்துக்கொண்ட விதி. மோசடிக்கு இடம் கொடுப்பது 'நின்றுவிட்டவர்கள்' என்ற அந்த ஒரு பத்திதான். வராத குழந்தை ஏன் வரவில்லை? வேறு ஊருக்குப் போயிற்றா? செத்துப்போயிற்றா? வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் 'நின்றுவிட்டது' என்று எழுதினால், செத்த குழந்தை தானாகவே வராமல் நின்றதாக ஆகிவிடுகிறது. பிணத்தை மண்ணிலே புதைத்தது போதாதென்று காகிதத்திலும் புதைப்பதற்குப் பெயர் நிவாரணமா என்று கேட்கிறோம்.

இவ்வளவு அளந்தும் பயன் என்ன என்பதற்குச் சோமாலியாவைப் பாருங்கள். 2010 கடைசியில் அங்கு மழை பொய்த்தது. பஞ்சம் வரும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள், உலகம் கேட்கவில்லை. தெற்குப் பகுதியை ஆண்ட ஆயுதக் கூட்டமான அல்-ஷபாப் பல நிவாரண ஸ்தாபனங்களைத் தடுத்ததோடு, பஞ்சமே இல்லை என்றும் மறுத்தது. மேல்நாட்டுச் சர்க்கார்களோ, உதவி எதிரியின் கைக்குப் போய்விடுமென்று பணத்தைச் சுருக்கின. கடைசியில் 2011 ஜூலை 20-ந் தேதி ஐக்கிய நாட்டுச் சபை தெற்கே இரண்டு பகுதிகளில் பஞ்சம் என்று பிரகடனம் செய்தது. பஞ்சம் என்று சொல்ல அளவு உண்டு: 100-க்கு 20 குடும்பங்கள் கடும் உணவில்லாமை, 100-க்கு 30 குழந்தைகள் மெலிவு, 10,000 பேரில் தினம் இருவர் சாவு. இந்த அளவு எட்டிய பிறகுதான் பணம் பெருவாரியாக ஓடிவந்தது. 2013-ல் வெளிவந்த ஆராய்ச்சிப்படி இறந்தவர்கள் சுமார் 2,58,000 பேர். அதில் சரிபாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். செத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்தப் பிரகடனத்திற்கு முன்பே செத்துவிட்டார்கள்!

தோழர்களே, இதிலிருந்து என்ன தெரிகிறது? கணக்கு பிழையல்ல, கணக்கைக் கண்டு அசையாதது பிழை. 100-க்கு 15 குழந்தைகள் மெலிந்தாலே அது அபாய எல்லை என்று வகுத்துவைத்துவிட்டு, 30 ஆகட்டும் என்று காத்திருப்பது, கூரை பற்றிய பிறகும் நெருப்பின் உயரத்தை அளந்துகொண்டு நிற்பதாகும். 2017-ல் அதே சோமாலியாவில் மறுபடி மழை பொய்த்தபோது முன்னமேயே உதவி போயிற்று. பஞ்சப் பிரகடனம் செய்யவேண்டிய நிலை வரவில்லை.

பெயர் சூட்டாவிட்டால் பஞ்சம் இல்லாமல் போய்விடாது. 1943-ல் வங்காளத்தில் பஞ்சச் சட்டப்படி பஞ்சம் என்று அறிவிக்கவேயில்லை. பின்னால் விசாரித்த சர்க்கார் கமிஷனே சுமார் 15 லட்சம் பேர் மாண்டதாக ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் சூடான் தேசத்து ஜம்ஜம் முகாமில் பஞ்சம் என்று நிபுணர் குழு சொன்னபோது அந்நாட்டுச் சர்க்கார் மறுத்தது. யுத்தத்தால் அங்கே முழுக் கணக்கெடுப்பு நடத்த முடியவில்லை. கிடைத்த அத்தாட்சிகளைச் சீர்தூக்கித்தான் அக்குழு முடிவு செய்தது. கணக்கெடுப்பவனை உள்ளே விடாமல் தடுத்துவிட்டு, "கணக்கு எங்கே?" என்று கேட்பவனுடைய யோக்கியதையை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதற்காகக் கணக்கைக் கூட்டிச் சொல்வதையும் நாம் ஆதரிக்கவில்லை. இரக்கத்தால் சொன்னாலும் பொய் பொய்தான். ஒரு தரம் பிடிபட்டால் அடுத்த தரம் உண்மையையும் நம்பமாட்டார்கள். அப்போது சாகிறது மறுபடியும் குழந்தைதான். அதே போல, குழந்தையின் பேரும் இருப்பிடமும் எழுதிய புத்தகம் ஆயுதக்காரன் கைக்குப் போகவும் கூடாது. வெளியே போகவேண்டியது தொகை மாத்திரமே.

ஆகவே நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். எங்கு பஞ்சமென்றாலும் "எத்தனை குழந்தைகளை அளந்தீர்கள்? எப்படி அளந்தீர்கள்? அளந்து என்ன செய்தீர்கள்?" என்று மூன்று கேள்விகளையும் கேளுங்கள். முதலிரண்டுக்குப் பதில் சொல்லாதவன் வாய்ப்பந்தல் போடுகிறவன். மூன்றாவதற்குப் பதில் சொல்லாதவன் அவனைவிடக் கெட்டவன். ஏனெனில் அவனுக்குத் தெரிந்திருந்தது.